மறுபதிப்பு காணாதவை எல்லாம் மதிப்பற்றவையா?

“நல்ல ஆட்டம் எதுவும் அழிந்துவிடாது. மெருகேற்றப்பட்டு அடுத்த தலைமுறைக் கருவிக்கு வந்தே தீரும். வராமற்போனவை வரத் தகுதியற்றவை.” வீடியோ கேம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் படித்தவர்கள் முன்வைக்கும் வாதம் இது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். காலம் தூற்றும்போது நெல் தங்கும், பதர் பறக்கும் என்ற பழைய நம்பிக்கைதான் இப்படிப் புது உடை அணிந்து வருகிறது. ஆனால் முறத்தைப் பிடித்திருப்பவர் யார், எந்தக் கணக்கை மனத்தில் வைத்துத் தூற்றுகிறார் என்று இவ்வாதத்தினர் கேட்பதில்லை. பிளேஸ்டேஷன் 2 என்னும் கருவியோடு கைவிடப்பட்ட ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால் அக்கேள்வியைத் தவிர்க்கவே இயலாது.

பாலக்காட்டுக் கிழக்கோரத்தின் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம். இடுக்கியின் குமுளி, வண்டிப்பெரியாறு, பூப்பாறை, மூணாறு. கேரள எல்லைக்குள் தமிழ் பேசி வாழும் இவ்வூர்களுக்கும் மேற்படிக் கருவிக்கும் உள்ள உறவு தனித்துப் பேசத் தக்கது. இங்கே கடைவீதி என்றால் ஒருபுறம் பொள்ளாச்சியும் கோவையும், மறுபுறம் கம்பமும் போடியும். நகரத்து வீடுகள் ஒதுக்கிய பொருள்கள் மலையேறியும் கணவாய் கடந்தும் இவ்வூர்களுக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் பிடிக்கும். பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் வெளியானது 2000 மார்ச்சில். எல்லையோரத்து லயங்களிலும் மணிக்கணக்கு வாடகைக் கடைகளிலும் அது வேரூன்றிய காலத்தில் உலகம் அடுத்த கருவிக்குப் போய்விட்டிருந்தது. ஆகவே ‘பழைய கருவி’ என்ற சொல் இங்கே பொருந்தாது. இங்கே அதுவே முதற் கருவி. பலருக்கு அதுவே இறுதிக் கருவியும்.

இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை, கணக்கைப் பார்த்தால் போதும். பிளேஸ்டேஷன் 3 இந்தியாவில் 2007 ஏப்ரலில் அறிமுகமானபோது அதன் விலை 39,990 ரூபாய். அதற்கு எட்டாண்டுகளுக்குப் பின்னர், 2015 செப்டம்பரில், மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு வீதிக்கு வந்தபோது அவர்களது நாட்கூலி 232 ரூபாய். போராட்டத்தின் பயனாக அது 301 ஆயிற்று. பழைய கூலிக் கணக்கில் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் அப்புதிய கருவியை வாங்க 173 நாள் கொழுந்து பறிக்க வேண்டும். “புதிய கருவிக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதானே” என்று எளிதாகச் சொல்வோர் இந்தப் பெருக்கலை ஒருமுறையேனும் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாறியவருக்கும் பழைய தட்டுகள் பயன்படவில்லை என்பது அடுத்த செய்தி. தொடக்க காலப் பிளேஸ்டேஷன் 3 பழைய தட்டுகளில் பலவற்றை இயக்கியது. பின்னர் வந்த மாதிரிகளில் அவ்வசதி நீக்கப்பட்டது. இயக்குவதற்கான தொழில்நுட்பம் இல்லாமல் போய்விடவில்லை. உற்பத்திச் செலவு குறைய வேண்டியிருந்தது, அவ்வளவே. அடுத்து வந்த 4-உம் 5-உம் பழைய தட்டை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சோனி நிறுவனம் தேர்ந்தெடுத்த சிலவற்றை இணையவழிக் கடையில் மீண்டும் விலைக்கு வைத்தது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவன் அதே ஆட்டத்துக்கு மறுபடியும் காசு கொடுக்க வேண்டும். அதுவும் அவன் ஆடிய ஆட்டம் அப்பட்டியலில் இருந்தால். உலகம் முழுவதும் 15 கோடிக்கு மேல் விற்ற கருவியின் நிலை இது.

இனி, ‘வரத் தகுதியற்றவை’ என்று தள்ளப்பட்டவை யாவை எனப் பார்க்கலாம். இஏ நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ‘கிரிக்கெட் 07’ ஓர் எடுத்துக்காட்டு. அதன் பின்னர் அந்நிறுவனம் வீட்டுக் கருவிகளுக்கென அவ்வரிசையில் ஆட்டம் செய்யவில்லை. இருந்ததையும் புதிய கருவிகளுக்குக் கொண்டுவரவில்லை. ஆஷஸ் தொடரை மையமாக வைத்த ஆட்டம் என்பதால் இங்கிலாந்து, ஆஸ்திரேலிய அணிகளுக்கு உரிமம் இருந்தது. இந்திய வீரர்களின் பெயர்கள் திரிந்து கிடந்தன. அப்பெயர்களைத் திருத்துவதே சிறுவர்களின் முதல் வேலை. 8 எம்.பி. மெமரி கார்டில் ஒரு நாட்டு அணியைத் தம் கைப்படச் சரிசெய்து வைத்துக்கொண்ட தலைமுறை அது. வர்ணனைக் குரல்கள் மார்க் நிக்கோலசும் ரிச்சி பெனோவும். பெனோ 2015-இல் மறைந்தார். அவரது நிறுத்தி நிதானித்த ஆங்கிலத்தைக் கேட்டே கிரிக்கெட்டின் கலைச்சொற்களைக் கற்ற தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகள் இந்த எல்லையோரத்தில் உண்டு. கணினியில் இந்தியா முழுவதும் இன்றளவும் இளைஞர்கள் இந்த ஆட்டத்துக்குப் புதிய அணிகளும் சீருடைகளும் ஆடுகளங்களும் செய்து சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இத்தனை ஆண்டுக்குப் பின்னும் ஊதியம் எதுவுமின்றி மக்கள் பேணி வரும் ஒன்றைத் தகுதியற்றது என எந்த அளவுகோலால் அளப்பது? சந்தைக்கு மதிப்பு தெரியவில்லை என்பதற்கும் பொருளுக்கு மதிப்பு இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு நுட்பமானதன்று.

பாலக்காட்டுப் பக்கம் கால்பந்தின் பிடி வலுவானது. அங்கே கொனாமியின் ‘ப்ரோ எவல்யூஷன் சாக்கர் 6’. உரிமம் கிடைக்காத கழகங்களுக்குப் புனைபெயர் சூட்டிய ஆட்டம் அது. லிவர்பூல் அதில் ‘மெர்சிசைடு ரெட்’. பிரேசில் வீரர் அட்ரியானோவின் உதை வலிமைக்கு 99 என மதிப்பிட்டு, அவர் இருக்கும் அணியை எடுப்பவன் நியாயமாக ஆடுகிறானா என்ற வழக்கை உலகெங்கும் மூட்டிவிட்டது. ஆண்டுதோறும் புதுப் பதிப்பு வந்ததால் பழையது காலாவதி என்பது விற்பவரின் கூற்று. ஆடியவர் அப்படிக் கருதவில்லை. வேகமும் தடுப்பும் பந்தின் எடையும் ஒத்திசைந்த பதிப்பு எது என்பதில் அவர்களுக்குத் தெளிவான கருத்து இருந்தது. தேர்ந்த வாசகன் பதிப்பு வேறுபாடு பார்ப்பது போன்றதே இதுவும். உ.வே.சா. சுவடி ஒப்புநோக்கியதைப் போற்றும் சமூகம் இதைக் கேட்டுச் சிரிக்கும் என்பது வேறு விஷயம்.

மறுபதிப்பு கண்டவற்றின் கதையும் ஆறுதல் தருவதாக இல்லை. வாடகைக் கடைகளில் அதிகம் கேட்கப்பட்ட பெயர்களுள் ஒன்று 2004-இல் வந்த ‘சான் ஆண்ட்ரியாஸ்’. அதில் காருக்குள் ஒலிக்கும் வானொலி ஆட்டத்தின் உயிர்நாடி. பாட்டு உரிமங்கள் காலாவதியானதால் 2014-இல் அதன் கணினிப் பதிப்பிலிருந்து பல பாடல்கள் நீக்கப்பட்டன. பெயர் அதே பெயர். உள்ளே இருந்த ஒலியுலகில் ஓட்டைகள். முழுப்பாடம் வேண்டுவோர் பழைய தட்டையே தேட வேண்டும். ஒரு நாவலின் மறுபதிப்பில் எட்டு அத்தியாயங்களை உரிமச் சிக்கல் என்று சொல்லிக் கிழித்தெறிந்தால் தமிழ் இலக்கிய உலகம் சும்மா இருக்குமா?

வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்பது அதன் முடிவு. உலகின் மிகப்பெரிய சந்தைகளுள் ஒன்றிலேயே நூற்றுக்குப் பதின்மூன்றுதான் கிடைக்கிறது. எஞ்சியவை அனைத்தும் பதர் என்று சொல்லத் துணிபவர், அவற்றில் எத்தனையை ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

இந்தியாவின் கதை இன்னும் கசப்பானது. இந்நாட்டில் முழுவதுமாக உருவான முதல் வீட்டுக்கருவி ஆட்டம் எனப்படும் ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009-இல் இதே பிளேஸ்டேஷன் 2-க்காகத்தான் வந்தது, செய்தது ஐதராபாத்தின் ஆரோனா நிறுவனம். அதே ஆண்டு ‘தேசி அட்டா’ வந்தது. 2010-இல் ‘ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்’, 2011-இல் ‘ரா.ஒன்’, 2013-இல் ‘டான் 2’. உலகம் கைகழுவிக்கொண்டிருந்த கருவியில் இந்தியத் தொழில் தன் முதலடியை எடுத்து வைத்தது. 2013 ஜனவரியில் அக்கருவியின் உற்பத்தி உலகெங்கும் நின்றபோது இந்தச் சிறு வரிசையும் நிர்க்கதியானது. ஒளிவுமறைவின்றிச் சொல்வதானால் ‘ஹனுமான்’ நல்ல ஆட்டம் அன்று. அசைவு தடுமாறும், களம் வெறிச்சோடிக் கிடக்கும். வெளிவந்தபோது கிடைத்த கவனத்திலும் பெரும்பகுதி ஆட்டத்தைப் பற்றியதன்று. கடவுளைக் கருவிப் பொத்தானால் இயக்கலாமா என்று அமெரிக்காவில் ஓர் இந்து அமைப்பினர் எழுப்பிய எதிர்ப்பைப் பற்றியது. எனினும் இந்தியர்கள் இந்தக் கலையை எப்படிக் கற்றார்கள், எங்கே சறுக்கினார்கள் என்று நாளை ஒருவர் எழுத வேண்டுமானால் அந்தத் தட்டு வேண்டும். தரம் வேறு, ஆவண மதிப்பு வேறு. முதல் முயற்சிகளை அவற்றின் அழகுக்காக எவரும் காப்பதில்லை.

‘தேசி அட்டா’வைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். கபடியையும் கில்லிதாண்டாவையும் திரைக்குக் கொண்டுவந்த ஆட்டம் அது. தமிழில் கிட்டிப்புள், மலையாளத்தில் குட்டியும் கோலும். எல்லையோரத்துத் தெருக்களில் இரண்டு பெயரும் ஒரே வாயில் வரும். கிட்டிப்புள்ளைக் காக்க வேண்டும் என்று கருத்தரங்கம் கூட்டுவோர் பலர். மூணாற்று லயங்களில் ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்து கொழுந்துப் பாடல் தொகுத்த ஆய்வுகளும் வேண்டிய அளவு உண்டு. அவை நல்ல பணிகள்தாம். ஆனால் அதே லயத்தில் மூன்றடித் திண்ணையை ஒட்டிய அறையில் ஒருவன் ஆட நால்வர் பார்த்து நின்ற ஆட்டத்தை எவரும் பதிவு செய்யவில்லை. கன்ட்ரோலர் கை மாறும் ஒழுங்கு, தோற்றவன் எழுந்து இடம் விடும் விதி, ஆங்கில மெனுவைத் தமிழும் மலையாளமும் கலந்து பெயர்த்துக்கொண்ட சொற்கள் எல்லாம் நாட்டார் வழக்காறு இல்லையென்றால் வேறு எது? பாட்டி பாடினால் மரபு, பேரன் ஆடினால் சீரழிவு என்ற வகைப்பாட்டின் மேல் ஒரு துறை நின்றுகொண்டிருக்கிறது. (அந்த வாடகைக் கடைகள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் இடங்களாகவே இருந்தன என்பதையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை. பதிவு செய்யப்பட்டிருந்தால் அதைப் பற்றியும் எழுதியிருக்கலாம்.)

திரைப்படத்தில் இந்தத் தவறு ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்தது. நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இல்லை. 1931-இன் ‘காளிதாஸ்’ படப்பிரதி இல்லை. மலையாளத்தின் முதற்படமான ஜே.சி. டேனியலின் ‘விகதகுமாரன்’ இல்லை. அதில் நாயர்ப் பெண்ணாக நடித்ததற்காகச் சாதிவெறியரால் விரட்டப்பட்ட தலித் நடிகை பி.கே. ரோசியின் நடிப்பைக் காண இன்று ஒரு சட்டகமும் எஞ்சவில்லை. அந்நாளில் எவரேனும் ‘விகதகுமாரன் வணிகத்தில் தோற்ற படம், காக்கத் தகுதியற்றது’ என்று சொல்லியிருந்தால் அது நியாயமாகவே ஒலித்திருக்கும். 1933-இன் ‘மார்த்தாண்ட வர்மா’ பிழைத்ததோ விந்தை. நாவலின் பதிப்புரிமை பற்றிய வழக்கில் சிக்கி முடங்கிய படம் அது. அதனாலேயே அதன் பிரதி பதிப்பகத்தாரிடம் தங்கி, 1974-இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காப்பகம் ஒன்று இருந்ததால்தான் அதற்குப் போய்ச் சேர இடம் கிடைத்தது. ‘ஹனுமான்’ தட்டுக்கு அப்படி ஓர் இடம் எங்கே?

சட்டத்தில் இடமுண்டா என்று பார்த்தால், அங்கே ஒரு கேலிக்கூத்து காத்திருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம் பொது நூலகங்களுக்கு ஒரு விலக்கு அளித்தது. வணிக நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமிக்கலாம்; ஆனால் அப்படைப்பின் மின்வடிவம் அல்லாத பிரதி அந்நூலகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். ஓலைச்சுவடிக்கும் காகித நூலுக்கும் இது பொருந்தும். பிறப்பிலேயே மின்வடிவமான ஆட்டத்துக்கு ‘மின்வடிவம் அல்லாத பிரதி’யை நூலகம் எங்கிருந்து கொண்டுவரும்? காக்கப்பட வேண்டியவற்றுள் மிக விரைவில் அழியக்கூடியதை மட்டும் வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துகிறது விலக்கு. பூட்டை உடைப்பது பற்றிய 65அ பிரிவும் அதே திருத்தத்தில் வந்ததுதான். உரிமையை மீறும் நோக்கோடு தொழில்நுட்பக் காப்பைத் தகர்ப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை. சட்டம் தடுக்காத நோக்கத்துக்காக ஒருவருக்கு அதைச் செய்து கொடுப்பவர், அவரது பெயர், முகவரி, காரணம் எல்லாவற்றையும் குறித்துப் பதிவேடு பேண வேண்டும். எல்லையூர்ச் சந்தில் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருக்கும் பழுதுபார்ப்பவர் அப்படியொரு பேரேட்டை விரித்து வைத்திருப்பதைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

பதிப்புரிமைக் காலம் முடியும் வரை பொறுத்திருக்கலாமே என்பார் உண்டு. திரைப்படத்துக்கு உரிய 60 ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டால்கூட 2009-இல் வந்த ஆட்டம் 2069 முடியும் வரை பூட்டுக்குள் இருக்கும். தட்டு அதுவரை இருக்குமா? மூணாற்று மழையும் மூடுபனியும் தட்டின்மேல் பூஞ்சையைப் படர விடுகின்றன. படிப்பானின் லேசர் தேய்கிறது. மெமரி கார்டும் நிரந்தரமன்று.

இந்த இடத்தில் திருட்டுத் தட்டுகளைப் பற்றிய குற்றச்சாட்டு எழும், எழட்டும். எல்லையோரத்தில் புழங்கிய தட்டுகளில் பெரும்பாலானவை நகல்கள் என்பது ஊரறிந்த உண்மை. படைத்தவனுக்கு அதில் ஒரு காசும் போகவில்லை. அது இழப்புதான், அதை வீரச்செயலாகப் பாட வேண்டியதில்லை. ஆனால் விற்கப்படும் பொருளை நகலெடுப்பதும், உரிமையாளனே விற்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாராத பொருளை நகலெடுப்பதும் ஒரே தராசில் நிற்குமா? ‘கிரிக்கெட் 07’-க்கு இன்று காசு கொடுக்க விரும்புபவன் யாரிடம் கொடுப்பான்? இழப்பு எவருக்கும் இல்லாத இடத்தில் உரிமையின் பெயரால் எஞ்சுவது தடை ஒன்றே. பழைய கருவியைக் கணினிக்குள் போலச் செய்யும் ‘எமுலேட்டர்’ மென்பொருளையும் இதே மூச்சில் திருட்டு என்பவர்கள், 2000-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சோனி தொடுத்த வழக்கில் கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பக்கம் நின்று, அத்தகைய மென்பொருளை உருவாக்கும் பொருட்டுச் செய்த ஆய்வு நியாயமான பயன்பாடே எனத் தீர்த்ததைப் படித்துப் பார்க்கலாம். அதே நாட்டின் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில், விற்பனையில் இல்லாத பழைய ஆட்டங்களை நூலகங்கள் ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து காட்டுவதற்குக் கேட்ட விலக்கை மறுத்தது என்பதும் உண்மை. அங்கும் போர் முடியவில்லை.

முடித்துக் காட்டிய நாடுகளும் உண்டு. பிரான்சில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியாகும் வீடியோ கேம்கள் தேசிய நூலகத்துக்கு வந்து சேர வேண்டும். ஜப்பானின் தேசிய நூலகம் 2000-இலிருந்து பெற்று வருகிறது. இந்தியாவில் 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டம் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாராவுக்கும் மற்ற இரு நூலகங்களுக்கும் புத்தகமும் நாளிதழும் அனுப்பச் சொல்கிறது. ஆட்டத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இருக்க வேண்டும், நூலக விலக்கிலிருந்து ‘மின்வடிவம் அல்லாத’ என்ற அடைமொழி நீங்கவும் வேண்டும். இரண்டும் நாடாளுமன்றத்தின் வேலை, நாளாகும்.

நாளாகாத வேலை ஒன்று கேரளத்திலேயே கிடக்கிறது. 1945-இல் பி.என். பணிக்கர் திருவிதாங்கூரில் கட்டியெழுப்பத் தொடங்கிய நூலகச் சங்கத்தின் தொடர்ச்சியாக, இன்று மாநில நூலக மன்றத்தின் கீழ் ஆயிரக்கணக்கில் சிற்றூர் நூலகங்கள் இயங்குகின்றன. எல்லையோரத்து வாசகசாலைகள் பலவற்றில் தமிழ் நூல்களுக்கெனத் தனி அலமாரி உண்டு. மூல உரிமத் தட்டு ஒன்றை நூலகம் வாங்கி வைப்பதையோ, அங்கேயே அமர்ந்து ஒருவர் ஆடிப் பார்ப்பதையோ எந்தப் பிரிவும் குற்றம் என்று சொல்லவில்லை. தேவையானவை: பழைய டிவி ஒன்று, பழுது நீக்கிய கருவி ஒன்று, இரண்டு கன்ட்ரோலர், ஈரம் புகாத பெட்டி ஒன்று, யார் எந்த ஆண்டில் எங்கே ஆடினார் என்று எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம். தட்டுகளும் கருவிகளும் பரணில் கிடக்கின்றன. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போன பின் அவற்றை எடைக்குப் போடும் வீடுகள்தாம் அதிகம். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் மாதத்தில், 19-ஆம் நாள் பணிக்கரின் நினைவாக வாசிப்பு நாள் வருகிறது. குமுளியிலோ கொழிஞ்சாம்பாறையிலோ ஒரு நூலகம் அன்று வாசலில் ஒரு பெட்டியை வைத்து, “பழைய கேம் தட்டுகளை இங்கே போடவும்” என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டலாம்.